வாடையோடு வரும் விருந்தினர்

வார விடுமுறை என்றதும் நம்மவர் உள்ளம் பெரும்பாலும் கோவில் திருவிழாவையோ, கடற்கரையையோ, உறவினர் இல்லத்தையோ நாடுவது வழக்கம். காட்டுக்குப் போவோம் என்று ஒருவர் சொன்னால், யானையையும் சிறுத்தையையும் காணப் போகிறோம் என்றே மற்றவர்கள் எண்ணிக்கொள்வர். நண்பர்கள் ஐவர் கூடி, தைமாதத்து வார இறுதியொன்றில் இரண்டு நாட் பிரயாணம் போவதென்று தீர்மானித்தபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. 1938ஆம் ஆண்டிலேயே தேசிய வனமாக்கப்பட்ட வில்பத்துக்குப் போகலாம் என்றார், வங்கியிலே உத்தியோகம் பார்க்கும் நண்பர். எங்களுடன் வர இருந்த பல்கலைக்கழக மாணவர் இருவரும் அதனை ஆமோதித்தனர். ஆனால் எங்களுள் மூத்தவரும், விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியருமான நண்பர் மட்டும் புன்னகையுடன், “சிறுத்தை நம்மைப் பார்க்க விரும்பினால்தான் நாம் அதனைப் பார்க்க முடியும். வங்காலைக்கு வாருங்கள். அங்கே இப்பொழுது ஆயிரக்கணக்கான விருந்தினர் வந்து தங்கியிருக்கின்றனர்” என்றார்.

மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலப்பரப்பின் கரையிலே அமைந்திருப்பது வங்காலைச் சரணாலயம். 2008ஆம் ஆண்டு சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட இந்நிலத்தின் பரப்பு 4,839 ஹெக்டேர். 1971ஆம் ஆண்டு ஈரான் நாட்டின் ராம்சார் நகரிலே செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையின் கீழ், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் இது 2010ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. சரணாலயம் என்பது அடைக்கலம் புகும் இடம். அங்கே அடைக்கலம் புகுந்தவர் யார், எவரிடமிருந்து அடைக்கலம் புகுந்தனர் என்ற கேள்விக்கு விடை காண்பதற்கு இந்த இரண்டு நாட்கள் எமக்கு உதவின.

காட்டு வழியும் கட்டுக்கரைக் குளமும்

சனிக்கிழமை காலையில் வவுனியாவிலிருந்து எமது வாகனம் புறப்பட்டது. பறையனாலங்குளத்தில் மதவாச்சி – தலைமன்னார் நெடுஞ்சாலையை அடைந்ததும், இருமருங்கும் பாலை, வீரை, முதிரை முதலிய மரங்கள் செறிந்த வன்னிக் காடு எம்மை வரவேற்றது. மடு மாதா திருத்தலத்துக்குப் பிரியும் சந்தியைத் தாண்டிச் சென்றோம். அப்பகுதிக் காட்டின் ஒரு கூறு 2015ஆம் ஆண்டிலே தேசிய வனமாக்கப்பட்டது. மேற்கே செல்லச் செல்ல மரங்களின் உயரம் குறைகின்றது. நெடுமரங்கள் மறைந்து, பற்றைகளும், குடை விரித்தாற்போன்ற உடை மரங்களும் தோன்றுகின்றன. காற்றிலே உப்பு மணம் கலக்கின்றது. இலங்கைத் தீவின் மிக வரண்ட மூலைகளுள் ஒன்றுக்கு வந்துவிட்டோம் என்பதை நிலமே அறிவித்துவிடுகின்றது.

முருங்கனுக்கு அருகே வாகனத்தை நிறுத்தி, கட்டுக்கரைக் குளத்தைக் காணச் சென்றோம். ஐந்தாம் நூற்றாண்டில் ஆட்சிபுரிந்த தாதுசேன மன்னன் அமைத்ததெனக் கூறப்படும் இப்பெருங்குளத்துக்கு, அருவியாற்று நீரைத் தேக்கம் என்னும் அணை திருப்பிவிடுகின்றது. மன்னார் மாவட்டத்தின் வயல்களுக்கு உயிரூட்டுவது இந்த நீரே. உழவருக்கென்று கட்டப்பட்ட குளம் பறவைகளுக்கும் வீடாகிவிட்டமையால், 1954ஆம் ஆண்டிலேயே இது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நீர்க்காகங்கள் பட்டமரக் கிளைகளிலே சிறகை விரித்து வெயில் காய்ந்தன. மிதக்கும் இலைகளின்மேல் தாமரைக்கோழிகள் நடைபயின்றன. கூழைக்கடாக்கள் சில, படகுகள்போலச் சேர்ந்து மிதந்தன.

வயல் ஓரத்திலே “கக்கக்க” எனக் குரலெழுப்பி ஓடிய கௌதாரிச் சோடியொன்றை ஆசிரியர் எமக்குக் காட்டினார். இந்தியாவின் வரண்ட சமவெளிகளிலே சாதாரணமாகக் காணப்படும் கௌதாரியும் கள்ளிப்புறாவும் இலங்கையில் வடக்கு, வடமேற்குக் கரையோரங்களில் மட்டுமே வாழ்கின்றன. கண்டிக்கோ காலிக்கோ போனால் அவற்றைக் காண இயலாது. முற்காலத்திலே கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது இரு நாடுகளும் நிலத்தால் இணைந்திருந்தன என்பர் புவியியல் அறிஞர். அந்த உறவின் அடையாளமாகத் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே மணற்றிட்டுகள் இன்றும் வரிசையாகக் கிடக்கின்றன. இலங்கைப் பக்கத்துத் திட்டுகளையும் சூழ்ந்த கடலையும் சேர்த்து, 2015ஆம் ஆண்டில் ஆதாம் பாலக் கடல்சார் தேசிய வனம் அமைக்கப்பட்டது. அத்திட்டுகளிலே ஆலாக்கள் கூட்டங்கூட்டமாக முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன.

வந்தாரை வரவேற்ற தீவு

மாலையிலே தாம்போதியையும் 2010ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட புதிய பாலத்தையும் கடந்து தீவை அடைந்தோம். போர்த்துக்கேயர் 1560ஆம் ஆண்டில் கட்டியதும், 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றியதுமான கோட்டை, பாலத்துக்கு அருகிலேயே நிற்கின்றது. நகரத் தெருக்களில் கழுதைகள் தம் விருப்பம்போல் உலாவின. அவற்றின் முன்னோரை அரபு வணிகர் கொண்டுவந்தனர் என்பது இங்குள்ளோர் நம்பிக்கை. பள்ளிமுனையிலே, 19 மீற்றருக்கும் மேற்பட்ட சுற்றளவுடன் யானையொன்று படுத்திருப்பதுபோல் நிற்கும் பெருக்கமரத்தையும் பார்த்தோம். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரமும் அரபு வணிகர் வழியே வந்ததென்பர்.

மரமும் விலங்கும் மட்டுமன்றி மனிதரும் வந்து தங்கிய இடம் மன்னார். 1914ஆம் ஆண்டு தொடக்கம் தலைமன்னார்த் துறையில் இறங்கிய இந்தியப் பிரயாணிகள் எத்தனை இலட்சம்! 1964ஆம் ஆண்டு மார்கழியில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து நடைபெற்ற கப்பற் சேவையும் 1984இல் நின்றது. யுத்தத்தினால் 1990இல் தடைப்பட்ட புகையிரதப் பாதை 2015ஆம் ஆண்டிலேதான் தலைமன்னார் வரை மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இத்தீவின் மக்கள் பட்ட துன்பம் கொஞ்சமன்று. 1990ஆம் ஆண்டு முஸ்லிம் மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். தமிழ்க் குடும்பங்கள் பலவும் பன்முறை இடம்பெயர்ந்து, கடல் கடந்து அகதிகளாயின. தங்கிய இடத்திலிருந்து திடீரென எழுப்பிவிடப்படுவது எத்தகைய வேதனை என்பதை இம்மாவட்டத்து மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

வைகறையில் வங்காலை

ஞாயிற்றுக்கிழமை பொழுது புலருமுன்பே பிட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு சரணாலயத்துக்குப் புறப்பட்டோம். நெடுஞ்சாலையும் புகையிரதப் பாதையும் இச்சரணாலயத்தை ஊடறுத்தே செல்கின்றன. ஆதலால், வாகனத்தைத் தெருவோரத்தில் நிறுத்திவிட்டு நின்ற இடத்திலிருந்தே பறவைகளைக் காணலாம். பற்றைக்காடு, புற்றரை, உப்புத் தரவை, கண்டற்காடு, களப்பு, சேற்றுவெளி, ஆழங்குறைந்த கடல் ஆகிய அனைத்தும் இங்கு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. சற்றுத் தொலைவில் திருக்கேதீஸ்வர ஆலயமும், தேவாரம் பாடப்பெற்ற அத்தலத்தின் பாலாவித் தீர்த்தமும் உள்ளன.

கிழக்கு வெளுத்தது. சாம்பல் நிற நீர்ப்பரப்பின் நடுவே வெள்ளைக் கோடொன்று தெரிந்தது. கதிரவனின் முதற் கிரணங்கள் பட்டதும் அக்கோடு இளஞ்சிவப்பாயிற்று. தூரதிருஷ்டிக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தபோதுதான், அது பூநாரைகளின் கூட்டம் என்பது புலனாயிற்று. நெடுங்கால்களை மெல்ல எடுத்துவைத்து, நீண்ட கழுத்தை வளைத்து, தலையைத் தலைகீழாக நீருக்குள் அமிழ்த்தி அவை இரை தேடின. வளைந்த அலகின் உள்ளே அமைந்துள்ள சல்லடை சேற்று நீரை வெளியேற்றி, நுண்ணிய உயிர்களை மட்டும் நிறுத்திக்கொள்கின்றது. அவ்வுணவிலுள்ள நிறப்பொருளே பூநாரையின் இறகுக்குச் சிவப்பை அளிக்கின்றது. பூநாரை இலங்கையிலே முட்டையிடுவதில்லை. இங்கு வருபவை குஜராத்தின் கச்சு வளைகுடாப் பகுதியிலிருந்தே வருகின்றன எனக் கருதப்படுகின்றது.

பூநாரைகளுக்கு இப்பால், ஊசிவால் தாராக்களும் கிளுவைகளும் நீரிலே நெருக்கமாக மிதந்தன. சேற்றின் ஓரமெங்கும் உள்ளான்கள் ஓடியோடிக் கொத்தின. கருவால் மூக்கன்கள் நீண்ட அலகை முழுவதும் சேற்றிலே செருகி இழுத்தன. கரண்டிவாயன்கள் அலகை இடமும் வலமும் வீசி நீரைத் துழாவின. ஒரே சேறுதான், ஆயினும் ஒவ்வோர் அலகுக்கும் எட்டும் ஆழம் வேறு, கிடைக்கும் இரையும் வேறு. இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் இச்சிறு நிலத்திலே ஒன்றுகூடித் தங்க முடிவது இவ்வகைப் பங்கீட்டினாலேயே.

ஒரு சிறு விவாதம்

மாணவ நண்பர்களுள் ஒருவர் நல்ல கமராவொன்று கொண்டுவந்திருந்தார். அவருக்குப் பூநாரைகள் குனிந்து நிற்பதில் திருப்தியில்லை. சிறகு விரித்தால் உள்ளே ஒளிந்திருக்கும் செந்நிறம் வெளிப்படும் என்பதை அவர் அறிவார்.

“மாஸ்ரர், ஒருமுறை பலமாகக் கை தட்டினால் எல்லாம் எழும்பும். ஒரேயொரு படம் எடுத்துவிடுவேன்” என்றார்.

ஆசிரியர் கோபிக்கவில்லை. “தம்பி, வாகனத்தில் எங்கள் கட்டுச்சோறு இருக்கிறது. அதை யாராவது எடுத்து வீதியில் எறிந்தால் நீர் என்ன செய்வீர்?” என்று வினவினார்.

“விடுவேனா, மாஸ்ரர்?”

“அந்தப் பறவையின் கட்டுச்சோறு அதன் நெஞ்சிலே இருக்கிறது. இங்கே தின்பதையெல்லாம் அது கொழுப்பாகச் சேர்த்து வைக்கிறது. திரும்பிப் போகும் வழிக்கு அதுதான் உணவு. நீர் ஒருமுறை கை தட்டினால், அது அந்தப் பொதியை அவிழ்த்துச் செலவு செய்ய வேண்டும். நீர் ஒருவர்தானா வருகிறீர்? அடுத்த வாகனத்தில் வருபவரும் ஒரேயொரு படந்தானே கேட்பார்?”

மாணவர் பதில் சொல்லவில்லை. கமராவைத் தாழ்த்திக்கொண்டார். ஆனால் ஆசிரியர் கூறியதன் பொருளைக் கண்ணாரக் காணும் வாய்ப்பும் அன்றே எமக்குக் கிட்டியது. சிறிது நேரத்தில் வானொன்று வந்து நின்றது. உள்ளே பாட்டு அலறிக்கொண்டிருந்தது. இறங்கிய இளைஞர் சிலர் கைத்தொலைபேசிகளை உயர்த்தியவாறு சேற்றுவெளியை நோக்கி நடந்தனர். ஒருவர் கூவினார். மறுகணம் தாராக்கள் பேரிரைச்சலுடன் எழுந்தன. பூநாரைகள் கனத்த உடலைத் தூக்கிக்கொண்டு நீர்மேல் ஓடி, சிரமத்துடன் வானிலேறின. காட்சி அழகாகத்தான் இருந்தது. இளைஞர் மகிழ்ந்து ஆரவாரித்து, சில நிமிடங்களில் வானிலேறிப் போய்விட்டனர். பறவைகளோ மீண்டும் மீண்டும் வட்டமிட்டன. சில திரும்பி வந்து தொலைவில் இறங்கின. பல திரும்பவேயில்லை. இரை மிகுந்த அந்தச் சேற்றுப்பரப்பு நெடுநேரம் வெறுமையாகக் கிடந்தது.

நெடுவழிப் பிரயாணிகள்

கட்டுச்சோறு என்ற உவமை வெறும் பேச்சன்று. உள்ளான் இனத்துச் சிறு பறவைகள் சில, புறப்படுமுன் தம் எடையை ஏறக்குறைய இருமடங்காக்கிக்கொள்வதுண்டு. அவற்றின் பிரயாணம் அத்தகையது. 2022ஆம் ஆண்டில், மூக்கன் இனத்தைச் சேர்ந்த இளம்பறவையொன்று அலாஸ்காவிலிருந்து தஸ்மானியா வரை, ஏறத்தாழ 13,560 கிலோமீற்றர் தூரத்தை, எங்கும் இறங்காமல் பதினொரு நாட்களிலே பறந்து கடந்தது. முதுகிலே பொருத்தப்பட்ட சிறு கருவி அனுப்பிய செய்தியால் இது தெரியவந்தது.

மன்னாருக்கும் இத்தகைய பெருமை உண்டு. கொழும்புப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் மன்னாரில் கருவி பொருத்திவிட்ட கடற்காகமொன்று, 2021ஆம் ஆண்டில் ருசியாவின் வடகோடியிலுள்ள யமல் தீபகற்பத்துக்குச் சென்று, பின்னர் மீண்டும் மன்னாருக்கே திரும்பிவந்தது. மத்திய ஆசியாவின் பாலைகளையும் புல்வெளிகளையும் கடந்து செல்லும் இந்த வான்வழியிலே, தெற்கு நோக்கிய நிலத்தின் முடிவாக அமைந்திருப்பது இலங்கை. இதற்கப்பால் தென்துருவம் வரை கடலேயன்றி வேறில்லை. இங்கே தங்க இடமில்லையென்றால் அப்பறவைகள் போவதற்கு வேறிடம் இல்லை.

கரையிலே வலையைச் சரிசெய்துகொண்டிருந்த முதியவரொருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். “வாடை தொடங்க வருங்கள், தம்பி. சோளகம் பிறக்க முன்னம் போயிடுங்கள். நாங்கள் ஒன்றும் செய்யமாட்டம். அதுகளும் இறால் பார்த்துத்தானே வருகுது, நாங்களும் இறால் பார்த்துத்தானே வாறம்” என்றார் அவர். சரணாலயம் என்ற பிரிவிலே, தேசிய வனத்தைப் போலன்றி, ஊரவரின் நிலங்களும் தொழில்களும் இருப்பதற்குச் சட்டம் இடமளிக்கின்றது. ஆகவே வங்காலையைக் காக்கும் பொறுப்பு வனசீவராசிகள் திணைக்களத்துக்கு மாத்திரம் உரியதன்று. அந்த முதியவர் போன்றோரின் பொறுமையும் அதனைக் காத்து வருகின்றது.

காற்றும் சிறகும்

தீவின் தென்கரையிலே முப்பது காற்றாலைக் கோபுரங்கள் வரிசையாக நிற்கின்றன. தம்பபவனி என்னும் இந்நிலையம் 2020ஆம் ஆண்டு மார்கழியில் ஆரம்பித்துவைக்கப்பட்டது. இதன் ஆற்றல் 103.5 மெகாவற். கரியும் எண்ணெயும் எரிக்காமல் மின்சாரம் பெறுவது நாட்டுக்கு நன்மையே. இதனை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் வான்வழியின் வாயிலிலே சுழலும் சிறகுகளும், அவற்றிலிருந்து செல்லும் மின்கம்பிகளும் இரவிலே பறந்துவரும் பறவைகளுக்கு ஆபத்தாகலாம் என்று பறவையியலாளர் எச்சரித்து வந்துள்ளனர். மேலும் கோபுரங்கள் நிறுவும் திட்டங்கள் வந்தபோது, தம் நிலமும் மழைநீர் வடியும் வழிகளும் மீன்பிடியும் பாதிக்கப்படும் எனக் கூறி, 2025ஆம் ஆண்டில் மன்னார் மக்கள் வீதியில் இறங்கிப் போராடினர்.

வங்கி நண்பர் மின்சாரத்தின் பக்கம் நின்று வாதாடினார். “விளக்கு எரிய வேண்டாமா? பறவைக்காக நாடு இருளில் கிடப்பதா?” என்பது அவர் கேள்வி. ஆசிரியர் அவருக்கு அளித்த விடை சிந்திக்கத்தக்கது. மன்னாரிலே காற்று மிகப் பலமாக வீசுவது சோளகக் காலத்தில். அதாவது வைகாசி முதல் புரட்டாதி வரை. பறவைகள் வந்து தங்குவதோ வாடைக் காலத்தில். இயற்கையே இவ்விருவருக்கும் வெவ்வேறு பருவத்தை ஒதுக்கி வைத்திருக்கின்றது. ஆதலால், எங்கே கோபுரம் நாட்டுவது, எங்கே நாட்டக்கூடாது, கூட்டங்கள் வந்திறங்கும் நாட்களில் எந்தச் சக்கரங்களைச் சிறிது நேரம் நிறுத்துவது என்பதை அறிவோடு தீர்மானித்தால் விளக்கும் எரியும், பறவையும் வாழும். அவ்வாறு தீர்மானிப்பதற்கு வேண்டியது, பறவைகள் எப்பொழுது எவ்வழியாக வருகின்றன என்ற சரியான கணக்கு.

கணக்கெடுப்போர் நம்மிடையே உளர். 1943இல் தோன்றிய சிலோன் பேர்ட் கிளப், 1976ஆம் ஆண்டு கொழும்புப் பல்கலைக்கழகத்தில் உருவான பறவையியற் கள ஆய்வுக் குழு ஆகியன பல்லாண்டுகளாக இப்பணியைச் செய்து வந்துள்ளன. 1987ஆம் ஆண்டு தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலே, தை மாதந்தோறும் பல நாடுகளின் குளங்களிலும் களப்புகளிலும் தொண்டர்கள் பறவைகளை எண்ணுகின்றனர். இத்தொண்டிலே நம் தமிழ்ப் பிள்ளைகளும் பெருமளவிற் சேர்தல் வேண்டும். தம் ஊர்க் குளத்துக்கு வரும் பறவையின் பெயரையும், அது வந்த நாளையும், போன நாளையும் ஒரு கொப்பியிலே தவறாமல் எழுதிவைக்கும் மாணவன், பிற்காலத்தில் எந்த விஞ்ஞானிக்கும் பயன்படக்கூடிய செல்வத்தைச் சேர்க்கின்றான்.

போகின்றவர்களுக்கு

குடும்பத்துடனோ நண்பருடனோ மன்னாருக்குப் போக விரும்புவோர் கார்த்திகை முதல் மாசி வரையுள்ள காலத்தைத் தெரிந்துகொள்ளலாம். மாரி மழை ஓய்ந்த தை மாதம் மிகவும் உகந்தது. விடியற் காலையும் மாலை வேளையும் ஏற்றவை. நண்பகலில் வெயில் கொளுத்தும், கானல் எழுந்து கண்ணை மயக்கும். பிரகாசமான நிறங்களைத் தவிர்த்து மங்கலான ஆடை உடுத்துதல் நன்று. நல்ல தூரதிருஷ்டிக் கண்ணாடியொன்று நால்வருக்குப் போதும். தெருவை விட்டுச் சேற்றிலே இறங்குதல் கூடாது. அது பறவைக்கு அச்சம், நமக்கோ புதைசேற்று அபாயம். பாட்டை நிறுத்திவிடுக. ட்ரோன் பறக்கவிடுவதைக் கனவிலும் நினையாதீர்கள். பறவையின் கண்ணுக்கு அது வானிலிருந்து பாயும் பருந்தாகவே தோன்றும். கொண்டுபோன பிளாஸ்ரிக் பைகளையும் போத்தல்களையும் திரும்பக் கொண்டுவருதல் வேண்டும்.

எவ்வளவு அருகிற் போகலாம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு எளிய விதியொன்று உண்டு. இரை தின்னும் பறவை தின்பதை நிறுத்தித் தலைநிமிர்ந்து உங்களைப் பார்க்குமாயின், நீங்கள் போதிய அளவுக்கு மேல் நெருங்கிவிட்டீர்கள். அவ்விடத்திலேயே அசையாது நில்லுங்கள், அல்லது மெதுவாகப் பின்வாங்குங்கள். அது மீண்டும் குனிந்து இரை தேடத் தொடங்கினால், உங்களை அது பொறுத்துக்கொண்டது என்று பொருள்.

வந்த விருந்தினரைப் பந்தியிலிருந்து எழுப்பிவிடும் வழக்கம் தமிழர் வீடுகளில் இல்லை. வடதுருவத்துக்கு அருகிலிருந்து வந்து, நம் கரையின் சேற்றிலே பசியாறும் இச்சிற்றுயிர்களுக்கும் அந்த மரியாதை உரியதே. அவை நம்மிடம் கேட்பது உணவன்று, உறையுளன்று. உண்டு முடிக்கும் வரை சற்றே எட்டி நிற்கும்படிதான் கேட்கின்றன. அடுத்த வாடைக் காலத்திலே உங்கள் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். எட்டி நின்று பார்ப்பதிலுள்ள இன்பத்தை அவர்களுக்குப் பழக்குங்கள்.